மாதம்மாளுக்கு நான் போட்ட டிக்

"நூறுல ஏழு போனா எவ்வளவுங்க?"

"எதுல நூறுங்க சிஸ்டரு?"

"எதுலயும் இல்லீங்க. சும்மா நூறு."

"சும்மா நூறுன்னா?"

ஏரியூருக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். தடுப்பூசி அறைக்கு வெளியே வராந்தா மூலையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் நான், மடியில் ஏழு பக்கப் படிவம். எதிரே மாதம்மாள், நாற்பது வயதிருக்கும். உள்ளே ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் முறைவைத்து அழுதுகொண்டிருந்தன. பினாயில் வாடையும் யாரோ பையில் கொண்டுவந்திருந்த மாம்பழ வாசனையும் கலந்து எனக்குத் தலை வலித்தது.

"தொண்ணூத்தி ரெண்டுங்களா?" என்றார்.

எழுதிக்கொண்டேன். "அதுல இன்னொரு ஏழு போனா?"

மாதம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கு எவ்வளவு வரணும்னு சொல்லிடுங்க சிஸ்டரு. நான் அதையே சொல்லிடறேன்."

இதை எழுத இடம் இல்லை. அடுத்த கேள்விக்குப் போனேன்.

"ரோட்டுல ஒரு லெட்டர் கெடக்குது. விலாசம் எழுதி, ஸ்டாம்பும் ஒட்டி இருக்குது. பாத்தா என்ன பண்ணுவீங்க?"

"தொட மாட்டனுங்க. தாண்டிப் போயிடுவேன்."

எடுத்துத் தபால் பெட்டியில் போடுவேன் என்றால் தீர்மானத் திறன் சரியாக இருக்கிறது. வேறு எதைச் சொன்னாலும் குறைபாடு. எங்களுக்குக் கொடுத்திருந்த விடைக்குறிப்பு அப்படித்தான் சொன்னது. 'ஜட்ஜ்மெண்ட்' என்ற கட்டத்தில் 'இம்பேர்ட்' என்பதற்கு நேராக அழகாக ஒரு டிக் போட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. படிவத்தில் 'ஏன்' என்பதற்குக் கட்டம் கிடையாது.

ஸ்டாம்பு ஒட்டிய கடிதத்தை நானே கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்திருந்தாலாவது கொஞ்சம் புத்தி வந்திருக்கும். அதற்கும் அன்று நேரமில்லை.

போன வாரம் இந்தத் தொடரில் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி நான் புலம்பியதைப் படித்துவிட்டு, "அந்தப் படிப்பில் சாம்பாரைத் தவிர வேறெதுவும் சொல்லித் தரவில்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சொல்லித் தந்தார்கள், ஐயா. அதுதான் பிரச்சினையே.

நரம்பு சம்பந்தப்பட்ட படிப்பு

நான் பாப்பாரப்பட்டிக்காரி. பி.எஸ்சி. நர்ஸிங் முடித்து சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு வருஷம் குப்பை கொட்டிய பிறகு, மேற்படிப்புக்குப் போனேன். எம்.எஸ்சி.யில் மனநலச் செவிலியம். ஆசைப்பட்டு எடுத்தேன் என்று பேட்டிகளில் சொல்வது வழக்கம். உண்மையைச் சொன்னால், மற்ற பிரிவுகளில் இடம் தீர்ந்துவிட்டது. இதில் மட்டும் எப்போதும் இடம் இருந்தது.

என் அம்மா இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சந்தையில் யாராவது கேட்டால், "நரம்பு சம்பந்தமா பெரிய படிப்பு படிக்குதுங்க" என்பார். மாப்பிள்ளை வீட்டாரிடமும் அதே நரம்பைத்தான் சொன்னார். ஒரு பையனின் அப்பா தன் கால் நரம்பைக் காட்டி என்னிடம் ஆலோசனை கேட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு, காலைத் தூக்கி வைத்துப் படுங்கள் என்றேன். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால் நின்றது.

இப்போது நானே ஒரு கல்லூரியில் இதே பாடம் நடத்துகிறேன். இன்னமும் அம்மாவுக்கு நரம்புதான்.

லாக் புக் மகாத்மியம்

படிப்பு என்று நான் சொல்வது பெரும்பாலும் லாக் புக்கைத்தான். பிரௌன் தாள் அட்டை போட்ட, தலையணை கனத்துக்கு ஒரு நோட்டு. பத்துப் பேருக்கு மனநிலைப் பரிசோதனை, ஐந்து வீடுகளுக்குப் போய்வந்த குறிப்பு, ஐந்து பேருக்குத் தொடர் பார்வை, அதாவது ஃபாலோ-அப். ஒவ்வொன்றுக்கும் கைடு மேடத்தின் கையெழுத்து வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது.

இது போதாதென்று உரையாடல் பதிவு என்று ஒன்று. நோயாளி சொன்னது ஒரு பத்தியில், நான் சொன்னது ஒரு பத்தியில், அதில் நான் கையாண்ட உத்தி என்ன என்று மூன்றாவது பத்தியில். எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு பாட்டி தன் மருமகளைத் திட்டியதை நான் மொழிபெயர்த்தபோது அது மகாராணி யாருக்கோ எழுதிய கடிதம் போல வந்தது. மேடம் அதற்கு 'வெரி குட்' போட்டார். நோயாளி பேசுகிறபோது நான் காதால் கேட்டேனா என்றால், கேட்டிருக்க மாட்டேன். அடுத்து மௌனம் என்ற உத்தியைக் காட்ட வேண்டுமே, எப்போது வாயை மூடுவது என்ற கவலையிலேயே இருந்தேன்.

மனநிலைப் பரிசோதனைப் படிவம் தனிக் கதை. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் பாதி தேய்ந்துபோயிருந்தது. யார் தயாரித்தது, எந்த ஊர்க்காரர்களுக்காகத் தயாரித்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் மேடம் மாணவியாக இருந்தபோதும் இதே படிவம்தானாம். அவரும் ஸ்டாம்பு ஒட்டிய கடிதத்தைத்தான் கேட்டாராம்.

அழகான கையெழுத்து

மாதம்மாள் அன்று வந்தது என் லாக் புக்குக்காக அல்ல. டாக்டரைப் பார்க்க.

அவர் தன் ஊரைத் தாண்டி உள்ளே ஒரு சிற்றூரில் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. சில வருஷங்களுக்கு முன்பு மாதம்மாளுக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து, கோயில் குளமெல்லாம் சுற்றி, கடைசியில் மாத்திரைக்கு வந்து நன்றாகிவிட்டார். நடுவில் மாத்திரையை விட்டதில் மறுபடி படுத்து, நான்கு மாதம் வேலைக்குப் போகவில்லை. இப்போது தேறியாகிவிட்டது. ஜூனில் பள்ளி திறக்கிற அன்று, வேலை செய்யத் தகுதி இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழோடு வந்தால் சேர்த்துக்கொள்வார்கள். வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஒருத்தி காத்திருந்தாள். என்ன வியாதி என்று அங்கே யாருக்கும் தெரியாது. இவ்வளவையும் மாதம்மாள் என்னிடம் சொன்னார். நான் 'தொழில்' என்ற தலைப்பின் கீழ் 'குக் ஹெல்ப்பர், ஆன் லீவ்' என்று எழுதி முடித்தேன்.

மனநல மருத்துவர் மாவட்டத் தலைநகரிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் வருவார். வரும்போதே வராந்தா நிறைந்திருக்கும். மாணவிகள் எழுதியதை நோயாளியின் ஃபைலில் மேலாக வைத்துக் கொடுத்தால் அவருக்கு வேலை மிச்சம் என்று ஒரு வழக்கம் எப்படியோ ஏற்பட்டிருந்தது. லாக் புக்குக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நானும் பெருமையாக வைத்தேன். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், என் டிக்கைப் பார்த்தார், 'ஒரு மாதம் கழித்து மறுபரிசீலனை' என்று எழுதினார். ஒரு மாதம் என்றால் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

வெளியே வந்த மாதம்மாளின் முகம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் என்னிடம் வந்து, "உங்க எழுத்து ரொம்ப நல்லா இருக்குதுன்னு டாக்டரு சொன்னாருங்க" என்றார். நான் அவருக்காக ஏதோ நல்லபடியாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "பரவால்லீங்க" என்றேன் நான். என்ன பரவாயில்லை என்று எனக்கே தெரியவில்லை.

வெளியே கிடப்பது எதையும்

அடுத்த சில நாட்களில் வீட்டுக்குப் போய்வந்த குறிப்பு எழுதவேண்டி, ஏரியூரில் பஸ் இறங்கி வெயிலில் நடந்து மாதம்மாள் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அட்டை வீடு. வாசலில் புளி கொட்டி உலர்த்தியிருந்தார். குடிக்க மோர் கொடுத்தார். மாத்திரை அட்டையை நான் கேட்காமலே கொண்டுவந்து காட்டினார். ஒரு வேளைகூடத் தப்பவில்லை.

உள்ளுக்குள் அந்த டிக் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. எப்படியாவது கணக்கில் அவரைக் காப்பாற்றிவிடலாம் என்று, "பள்ளிக்கூடத்துல அரிசி எல்லாம் அளந்து போடறது நீங்கதானே?" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"இல்லீங்க. கணக்கு எனுக்கு வராதுங்க. சத்துணவு அமைப்பாளரம்மா அளந்து குடுப்பாங்க, நான் கழுவிப் போடுவேன்."

அந்த வழியும் அடைத்துவிட்டது. கடைசியில் நேராகவே கேட்டேன். "அன்னிக்கி லெட்டர் கெடந்தா தாண்டிப் போயிடுவேன்னு சொன்னீங்களே. ஏன்?"

மாதம்மாள் புளியைக் கிளறிக்கொண்டே சொன்னார். "ரெண்டு வருசத்துக்கு முன்னால, குழாய்கிட்ட ஒரு கொலுசு கெடந்துச்சுங்க. சின்னப் புள்ள கொலுசு. பாவமேன்னு எடுத்து, யாரதுன்னு வூடு வூடா கேட்டேன். மூணாவது வூட்டுல பிடிச்சிக்கிட்டாங்க. இந்தப் பைத்தியம் எங்க புள்ள கால்ல இருந்து கழட்டிக்கிச்சின்னு. எங்க வூட்டுக்காரரு பெங்களூருல இருந்து வந்து எல்லார் கால்லயும் வுழுந்தாருங்க."

கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. இது உத்தி அல்ல.

"அதுல இருந்து வெளிய கெடக்கறது எதையும் தொடறதில்லீங்க. வேற யாராச்சும் எடுத்தா எடுத்துக் குடுத்தாங்கம்பாங்க. நான் எடுத்தா வேற பேச்சு. நான் தொடலாங்களா, நீங்களே சொல்லுங்க."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் படிவத்தை அங்கேயே கிழித்துப் போடலாம் போல இருந்தது. யார் மேல் கோபம்? படிவத்தின் மேல், அதை ஜெராக்ஸ் எடுத்தவர்கள் மேல், அழகான கையெழுத்து எழுதச் சொல்லிக் கொடுத்த என் மூன்றாம் வகுப்பு டீச்சர் மேல். முக்கால்வாசி என் மேல். இவ்வளவு தெளிவாக யோசிக்கிற ஒரு பெண்ணுக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் அவருக்கு வேலை போகப்போகிறது. அவர் எனக்கு மோர் கொடுக்கிறார்.

அடித்தால் கேஸ் போச்சு

மறுநாள் கைடு மேடத்தின் அறை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளே இன்ஸ்பெக்‌ஷனுக்காக ஃபைல்களுக்குப் புது அட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், ஆறாவது கேஸ்ல, மாதம்மாளுக்கு, ஜட்ஜ்மெண்ட் தப்பா போட்டுட்டேன். மாத்தணும்."

"நான் சைன் பண்ணிட்டேனே."

"ஆமா மேடம்."

"அடிச்சு எழுதினா அந்தக் கேஸ் கேன்சல். தெரியுமில்ல? எக்ஸாமுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. புதுசா ஒரு கேஸ் எடுத்து, எழுதி, என்கிட்ட கரெக்‌ஷன் வாங்கி, முடிப்பியா நீ?"

கொலுசுக் கதையைச் சொன்னேன். மேடம் கேட்டார். நல்லவர்தான், கேட்காதவர் அல்ல. ஆனால் கேட்டு முடித்ததும், "அதைக் கீழ ரிமார்க்ஸ்ல எழுதேன். டிக்கை ஏன் தொடறே?" என்றார்.

"டாக்டர் டிக்கைத்தான் மேடம் பாக்கறாரு."

"அது டாக்டர் பாடு. சர்டிஃபிகேட் குடுக்கறது அவர், நாம இல்ல." பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன் ஃபைண்டிங் தப்புன்னா, அதுல போட்ட என் சைன் என்ன ஆகும்?"

பன்னிரண்டு மாணவிகளுக்கு அவர் ஒருத்தர்தான் கைடு. பன்னிரண்டு தலையணைகளையும் அவர் வாசிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். வாசிக்காமல் போட்ட கையெழுத்து என்பதால்தான் அதைத் தொடவிடாமல் காத்தார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்தபோது கோபம் அப்படியே இருந்தது.

நான்கு நிமிடம்

அடுத்த கிளினிக் நாளன்று எனக்குக் கல்லூரியில் ஆய்வேட்டுக் கூட்டம். வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் பென்னாகரம் வழியாக ஏரியூர் போகும் பஸ் ஏறினேன். மாதம்மாளுக்கு முந்தின நாளே போன் செய்து வரச் சொல்லியிருந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. இத்தனைக்குப் பிறகும் என்னை நம்புகிறாரே என்று.

எங்கள் முறை வந்தபோது மதியத்துக்குக் கிட்டே ஆகிவிட்டது. "சார், போன வாரம் நான் எழுதின பேப்பர் தப்பு சார்" என்றேன்.

டாக்டர் அயர்ச்சியோடு பார்த்தார். "எந்தப் பேப்பர்மா?"

ஃபைலைத் திறந்து காட்டினேன். அவருக்கு மாதம்மாளையும் நினைவில்லை, பேப்பரையும் நினைவில்லை. டிக்கை மட்டும் அடையாளம் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"இவ்வளவு நீட்டா எழுதி வெச்சா நான் நம்பத்தாம்மா செய்வேன்" என்றார். குரலில் கோபம் இருந்தது. அதில் பாதி அவர்மேலேயே என்று இப்போது தோன்றுகிறது. "தப்புன்னா அடிச்சிட்டு, பக்கத்துல நீயே சைன் போடு."

அடித்தேன். 'என் முடிவு தவறு' என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நின்றுகொண்டே எழுதியதில் அது மட்டும் கோழி கிளறினது போல வந்தது.

டாக்டர் மாதம்மாள் பக்கம் திரும்பினார். "சமைச்சிட்டு இருக்கும்போது மறுபடியும் அந்தக் குரல் கேட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

"அடுப்ப அமத்திடுவனுங்க" என்றார் மாதம்மாள், உடனே. "அமைப்பாளரம்மாகிட்ட தல சுத்துதுன்னு சொல்லிட்டு வெளிய வந்து உக்காந்துக்குவேன். அடங்கலன்னா அடுத்த பஸ்ஸ பிடிச்சி இங்க வந்துடுவேன். கொதிக்கற அண்டாகிட்ட மட்டும் நிக்க மாட்டனுங்க. புள்ளைங்க சுத்தி இருக்கும்."

"குரல் கேக்குதுன்னு சொல்ல மாட்டீங்களா?"

"இங்க சொல்லுவேன். அங்க தல சுத்துதுன்னுதாங்க சொல்லுவேன்."

தூக்கம், மாத்திரை என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும். சான்றிதழில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். மாதம்மாள் அதை நான்காக மடித்து ஒரு பாலிதீன் பையில் போட்டு, அதை இன்னொரு பாலிதீன் பையில் போட்டுக்கொண்டார்.

நான் ஏழு பக்கம் எழுதியிருந்தேன்.

ஃபாலோ-அப்

லாக் புக்கிலும் அப்படியே அடித்ததில், கல்லூரியில் என் ஆறாவது கேஸ் ரத்தானது. மேடம் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் தலைகீழாக நின்று வேறு ஒருவரைப் பிடித்துப் பத்துப் பேர் கணக்கை நிரப்பினேன். ஆனால் லாக் புக்கின் விசித்திரம் பாருங்கள், பரிசோதனைக் கணக்கில்தான் மாதம்மாள் அடிபட்டார். தொடர் பார்வைக் கணக்கில் அவர் பெயர் அப்படியே நின்றது. 'நோயாளியைப் பணியிடத்தில் சந்தித்தல்' என்று ஒரு பக்கம் பாக்கி இருந்தது.

பள்ளி திறந்து சில நாள் கழித்துப் போனேன். மெரூன் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, அட்டையில் 'மனநலச் செவிலியப் பிரிவு' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும், எட்டி நின்றாலும் படிக்கிற அளவில். கையில் தலையணை. எங்கள் விதிப்படி களப்பணிக்கு அப்படித்தான் போக வேண்டும். நானும் அப்படியே போனேன். இவ்வளவு பட்டும் எனக்கு அது தோன்றவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மாதம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தட்டுத் தட்டாக முட்டை வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அமைப்பாளர் அம்மா. நான் வாசல் கேட்டுக்கு அருகே நின்று, சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினேன்.

மாதம்மாள் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த தட்டில் முட்டை வைத்தார்.

"யாரு மாதம்மா அது? உன்னப் பாத்து கை காட்டறாங்க?" என்று அமைப்பாளர் அம்மா கேட்டது என் காதில் விழுந்தது.

"தெரியலீங்க" என்றார் மாதம்மாள். "வழி கேக்கறாங்களோ என்னமோ."

தூக்கிய கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். அந்த அம்மா கேட் வரைக்கும் வந்து, "யாரு வேணுங்க?" என்று கேட்டார். அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஏரியூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். நடந்தேன். முதல் கொஞ்ச தூரம் அவமானமாக இருந்தது, அழுகைகூட வந்தது. பிறகு அது என்மேல் கோபமாக மாறிவிட்டது. கோபம் எனக்குப் பழக்கம்தான்.

அன்றைய பக்கத்தில், 'பள்ளியில் நோயாளி யாரும் இல்லை' என்று எழுதி மேடத்திடம் நீட்டினேன்.

மேடம் இரண்டு முறை படித்தார். "நோயாளி யாரும் இல்லைன்னா, அப்புறம் நீ அங்க எதுக்குப் போனே?"

அந்தப் படிப்பில் என்னை யாராவது கேட்ட ஒரே சரியான கேள்வி அதுதான்.